மற்றக் கை

பந்துல வாசற்படியில் குந்தியிருந்து லொக்கு ஹாமுதுருவோவின் பாதங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். மாவத்தகமப் பக்கம் பன்சாலையின், அந்த விகாரையின், பெரிய பிக்குவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கலியாணமாகி வந்த புதிதில் அவன் மனைவி வேணி அவரை ‘சாமி’ என்று சொல்லிவிட்டு வீடு நிறையச் சிரிப்பு வாங்கியிருக்கிறாள். இடது கையால் செம்பைச் சரித்து, வலது கையால் விரலிடுக்கு ஒன்றுகூட விடாமல் அவன் தேய்த்தான். என்ன மென்மை. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் கெட்டான். அந்தக் கட்டைவிரல், அகன்ற நகம், எவ்வளவு தேய்த்தாலும் போகாத மெஷின் எண்ணெய்க் கறுப்பு நகத்தோரத்தில். அது குதிகாலில் வழுக்கிக்கொண்டு போவதை அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அதே விரல் முந்தாநாள் அவளுடைய வலது மணிக்கட்டின் உட்புறத்தில் எங்கே அழுந்தியதோ அங்கே இப்போது நாவற்பழ நிறம். மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறாமல், காலையில் வளையலையே கழற்றி வைத்துவிட்டாள். கழுவி முடித்ததும் அவன் ஈரக் கையைத் தன் தலையில் தடவிக்கொண்டான், பக்தியோடு, கண்ணை மூடி. வேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் கழுவிய தண்ணீர் அல்ல காரணம். அந்தத் தண்ணீர் பாவம் என்ன செய்தது. அவன் கண்ணை மூடினானே, அதுதான். கையை முந்தானைக்குள் ஒளிக்கக் கூடாது என்று அவள் விடியும்போதே தீர்மானித்திருந்தாள். கைக்குட்டை கட்டக் கூடாது, நீளக் கை ரவிக்கை போடக் கூடாது. பிரித் ஓதிய காப்பு நூலை மணிக்கட்டில் கட்டும்போது பெரிய ஹாமுதுருவோ அந்தக் கையைப் பார்க்க வேண்டும். பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும், ஒரே ஒரு சொல். சொன்னால் இருப்பாள். சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள், ஆனால் அதை மனதுக்குள்கூட முழுதாக உச்சரிக்கவில்லை, உச்சரித்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று.

பிக்குமார் வெள்ளை விரித்த மெத்தைகளில் சுவரோரமாக வரிசையாக அமர்ந்தார்கள். மாமியார் பொடிமெனிக்கே செத்து ஒரு வருஷம், அதற்குத்தான் இந்தத் தானம். புத்தரின் தாது வைத்த பேழை மேசையில் பூக்களுக்கு நடுவே இருந்தது. அதைப் பன்சாலையிலிருந்து தலையில் வைத்துக் கொண்டுவந்தவனும் பந்துலதான். மேலே வெள்ளைக்குடை, முன்னால் ஒரு மேளம், பின்னால் ஊர். பேழையைத் தலையில் ஏற்றியவன் வழியில் இறக்கி வைக்கக் கூடாது, பேசக் கூடாது, அங்கே இங்கே திரும்பக் கூடாது. எதிரே வருகிற லொறி பஸ் எல்லாம் ஓரங்கட்டி நிற்கும். காலையில் அவன் அப்படி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருவில் வந்ததை வேலியோரம் நின்று பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு லேசாகிப் போனது. பக்தியாக்கும் என்று அவளே முதலில் நினைத்தாள். பிறகுதான் விளங்கியது, அவனுடைய இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்று திட்டமாகத் தெரிந்து அவள் மூச்சு விடுவது வெகு நாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மற்ற நேரமெல்லாம் அவள் அந்தக் கைகளைக் கணக்கில் வைத்துக்கொண்டே சமைக்கிறாள், கூட்டுகிறாள், தூங்குகிறாள். கை பாக்கெட்டில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா, கதவு நிலையில் இருக்கிறதா. இப்போது அவை கூப்பியிருந்தன. ஐந்து சீலமும் சொல்லிக் கொடுத்தார்கள். பாணாதிபாதா என்று ஹாமுதுருவோ தொடங்க, உயிர்க்கொலை செய்ய மாட்டேன் என்று எல்லாரையும் விட உரக்கச் சொன்னவன் பந்துல. அதில் பொய் இல்லை, அதுதான் கேவலம். அவன் எறும்பைக்கூடக் கொல்ல மாட்டான். சீனிப் போத்தலில் எறும்பு ஏறினால் ஒரு காகிதத் துண்டில் ஏற்றி, முற்றத்துக்குக் கொண்டுபோய், செம்பருத்தியடியில் ஊதி இறக்கிவிட்டு வருவான். வீட்டில் நுளம்புத்திரி கொளுத்த விடமாட்டான், மகளுக்கு இரண்டு தரம் டெங்கு வந்தும் விடமாட்டான். எறும்பாகப் பிறந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒருநாள் நினைப்பு வந்தது, வந்த உடனே சிரிப்பும் வந்தது, சிரித்ததற்கு வாய் வலித்தது, உதடு அன்றைக்கு வெடித்திருந்தது.

முந்தாநாள் நடந்தது உப்பால். கத்தரிக்காய் மோஜு ஊறினால்தான் ருசி என்று முன்கூட்டியே செய்து வைக்கிறாள், வினாகிரியும் கடுகும் கலந்து கிளறுகிறாள், உப்புச் சரியா என்று கரண்டியிலிருந்து வலது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டாள். கை தானாகப் போய்விட்டது. எத்தனை வருஷச் சமையல் பழக்கம். தானத்துக்குச் செய்வதை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? மாத்தளையில் அவள் அம்மா மாரியம்மன் படையலுக்குப் பொங்கும்போது மூக்கால்கூட மோந்து பார்க்க மாட்டாள். எச்சில் என்றால் அவர்களுக்கும் எச்சில்தான், இவர்களுக்கும் எச்சில்தான், அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் பந்துல அடுக்களை வாசலில் நின்றிருந்தான். கை கதவு நிலையில் இருந்தது. பிறகு இருக்கவில்லை. “செத்த என்ட அம்மாக்கு எச்சிலா குடுக்கப் போறாய்?” என்றான், சத்தம் போடாமல். அவன் சத்தமே போட மாட்டான். கடுஞ்சொல் பேசுவது பாவம். நக்கிய கையைப் பிடித்து, துணி பிழிகிறவன் பிழிகிறது போல, நிதானமாக. உள்ளே ஏதோ ஒன்று டக்கென்றது. அந்தச் சத்தம் அவளுக்கு இப்போதும் கேட்கிறது, பிக்குமார் பிரித் ஓதத் தொடங்கிவிட்டார்கள், அந்த ஓதல் அலைஅலையாக எழுந்து சுவரில் முட்டித் திரும்புகிறது, அதற்கு அடியில் டக். மோஜு முழுவதையும் பலாமரத்தடியில் புதைத்துவிட்டு வரச் சொன்னான். புதிதாக வெட்டினாள், பொரித்தாள், இடது கையால். இவ்வளவும் நடக்கும்போது மகள் தினித்தி மேசையில் தாமரைப்பூ வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. நிமிர்ந்து பார்க்கவில்லை. ரேடியோ சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். பிறகு தாய் தேங்காய் துருவ முடியாமல் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து, தாயோடு எப்போதும் பேசுகிற தமிழில், மெல்லக் கேட்டாள்: “அம்மா, நீங்க ஏன் ருசி பாத்தீங்க?”

அதுதான். கை வலி அல்ல, அந்தக் கேள்வி. ஏன் ருசி பார்த்தீர்கள். பிள்ளையின் முகத்தில் கோபம்கூட இல்லை, கணக்குப் பிழைத்துவிட்ட பெரியவரைப் பார்க்கும் ஒரு பரிதாபம். இந்தப் பெண் பழகிக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இது ஒரு வீட்டுக்குப் போகும், அங்கே கை பிழியப்பட்டால் நான் ஏன் ருசி பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். வேணி பிரித் நூலைப் பார்த்தாள். உருண்டையிலிருந்து அவிழ்ந்து பிக்குமாரின் கைகள் வழியாக, பிறகு பாயில் இருந்தவர்களின் கைகள் வழியாக ஓடிவந்து, அவள் கூப்பிய கைகளுக்கும் வந்து, அவளைத் தாண்டி மகளுக்குப் போனது. எல்லாரையும் ஒரே நூல் கட்டியிருந்தது, அவனையும் சேர்த்து. அவன் விரலின் வியர்வை இந்த நூல் வழியாக ஊறி வந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்து, அவள் நூலைப் பிடித்த விரல்களைத் தளர்த்தினாள். பக்கத்தில் இருந்த நாத்தனார் சுமனா முழங்கையால் இடித்தாள், “ஒழுங்காப் பிடி நங்கி.” வேணியை அவள் நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவாள். சுமனாவுக்குக் கை தெரியும். காலையில் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தேங்காய்ப்பால் பிழியும் வேலையைத் தான் வாங்கிக்கொண்டாள். அதுவே பெரிய உதவி என்று நினைத்திருப்பாள். அவள் நல்லவள். இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்.

சுவரில் மாமியாரின் படம், மாலையோடு. பொடிமெனிக்கேக்கு இடது காது கேட்காது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததால் என்று ஊருக்கே தெரியும், அதாவது ஊருக்கே தெரியும் அது கிணற்றடி இல்லையென்று. மாமனார் பெரிய உபாசகர், பௌர்ணமிப் போயா தவறாமல் சில் விரதம் எடுத்தவர். வேணி முதல் அடி வாங்கிய அன்றைக்கு அந்தக் கிழவி அவள் கன்னத்தில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: “பொறுத்துக்கொள்ளு மகளே. போன பிறப்பில நீ அவனை அடிச்சிருப்பாய். இந்தப் பிறப்பில தீர்த்திட்டால் சரி.” அப்படியானால் இவன் இந்தப் பிறப்பில் அடிப்பதற்கு அடுத்த பிறப்பில் நான் அடிக்க வேண்டுமா, அதற்குப் பிறகு மறுபடி இவனா, இப்படி ஒருவர் மணிக்கட்டை ஒருவர் முறுக்கிக்கொண்டே எத்தனை பிறப்புக்கு இந்த மனுஷனோடு போவது? இன்னொரு பிறப்பிலும் இவனா? நரகத்தைப் பற்றி ஹாமுதுருவோக்கள் சொல்லும் கொதிக்கும் எண்ணெய் எல்லாம் அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. இந்த நினைப்புத்தான் தோலைக் கூச வைத்தது. தன் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அம்மாவிடம் ஒருதரம் போனில் சொன்னாள். “கல்லானாலும் கணவன்டி” என்றாள் அம்மா. அதற்குமேல், “அடிக்கிற கைதான் அணைக்கும்.” இந்தப் பழமொழியை உண்டாக்கியவன் எவனோ, அவன் அடிக்கிற கைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அணைக்கிற நேரம்தான் அதிகம் குமட்டுகிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது. அடித்த பிறகு அவன் பூசும் தைல வாசனை, காதுக்குப் பக்கத்தில் அவன் மூச்சு, அவன் கெஞ்சல், அனே வேணி, எனக்குக் கோபம் வரப் பண்ணாதே. அம்மா அழுதது ஒரே ஒரு தடவைதான். கலியாணமான அடுத்த வெசாக்குக்கு வேணி பன்சாலைக்குப் போன படத்தை அனுப்பினாள். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, நெற்றியில் பொட்டு இல்லை. அம்மா போன் எடுத்து மூச்சுப்பிடித்துக்கொண்டு அழுதாள். “ஏண்டி பாவி, புருஷன் உயிரோட இருக்கையில தாலியறுத்தவ மாதிரி நிக்கிற?” இவர்கள் கோயிலுக்கு வெள்ளைதான் உடுத்துவார்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, சகுனம் சகுனம் என்று புலம்பினாள். வேணி அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கும் அதே வெள்ளைதான் உடுத்தியிருக்கிறாள்.

பிக்குமார் சாப்பிட்டு முடித்தார்கள், உச்சிக்கு முன்னே. மோஜுவைப் பெரிய ஹாமுதுருவோ இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பந்துல முகத்தில் அப்படியொரு பெருமை, அவனே வெட்டிப் பொரித்தவன் போல. பிறகு நூல் கட்ட வரிசை. முதலில் ஆண்கள், அடுத்து கிழவிகள், அடுத்து சுமனா, தினித்தி, வேணி. வரிசை நகர்ந்தது. இவர் ஒருத்தர் சொன்னால்தான் அவன் கேட்பான். அவர் ஒரு பேச்சுச் சொன்னதற்குச் சிகரெட்டை விட்டான், அன்றைக்கே விட்டான். மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க வேண்டாம் என்று அவர் சொன்னார், இன்றைக்கு மதில் வெடித்துக்கொண்டிருக்கிறது, கன்று நிற்கிறது. மகனே, பெண்ணின் மேலே கை வைக்காதே. அவ்வளவுதான் வேண்டும். எல்லார் முன்னாலும் வேண்டாம், காதோடு சொன்னாலும் போதும். ஏன், சொல்லக்கூட வேண்டாம், கையைப் பார்த்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தால் போதும். எவ்வளவு கொஞ்சமாகக் கேட்கிறேன் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. தினித்தி கையை நீட்டினாள், முடிச்சு விழுந்தது, குழந்தை விழுந்து கும்பிட்டு ஒதுங்கி நின்றது. வேணி முழந்தாளிட்டு வலது கையை நீட்டினாள். மல்லாத்தி நீட்டினாள், நாவற்பழ நிறம் மேலே தெரிய.

பெண்ணைத் தொடக் கூடாதென்று நூலின் இரு நுனியையும் எட்டப் பிடித்திருந்த அவர் விரல்கள் நின்றன. பார்த்தார். பார்க்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது, நன்றாகப் பார்த்தார், விரல் அடையாளம் நாலும் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். கண்ணில் ஏதோ வந்தது. வேணி கையை இன்னும் ஒரு விரற்கடை முன்னே நீட்டினாள்.

“அந்தக் கை வேண்டாம் மகளே,” என்றார், மிக அன்பாக. “மற்றக் கையைத் தாங்க.”

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து பந்துலவின் குரல், பணிவாக: “கிணற்றடியில வழுக்கிட்டா ஹாமுதுருவனே. தான வேலை அதிகம்தானே.”

“ஆ,” என்றார் அவர். “உங்கட அம்மாவும் அங்கதானே விழுந்தது. அந்தக் கிணற்றடியை ஒருக்கா நல்லாத் தேய்ச்சுக் கழுவிவிடுங்க பந்துல.” பிறகு இவளிடம், “எண்ணெய் பூசுங்க மகளே, வீக்கம் இறங்கிடும். மற்றக் கை.”

அவருக்குத் தெரியும். இப்போது மட்டுமா, அப்போதே தெரியும். பொடிமெனிக்கே இதே பாயில் செவிட்டுக் காதோடு உட்கார்ந்திருந்தபோதும் இவர்தான் வந்து சாப்பிட்டு, இவர்தான் நூல் கட்டி, இவர்தான் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிவிட்டுப் போயிருப்பார். வேணி இடது கையை நீட்டினாள். வெள்ளை நூல் இரண்டு சுற்று வந்து முடிச்சானது. அழகான முடிச்சு. மஞ்சள் மணத்தது. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வந்தது வேறு. பலாமரத்தடியில் புதைத்த மோஜுவை நாய் தோண்டி, புளித்து, ஈ மொய்த்துக் கிடந்ததை நேற்றுக் காலை பார்த்தாள் அல்லவா, அப்போது அடிநாக்கில் வந்த அந்தக் கசப்பு, அதேதான், இப்போது வீடு முழுவதற்கும் சேர்த்து வந்தது. மெத்தை விரித்த வெள்ளைக்கு, பூவுக்கு, சாம்பிராணிக்கு, சாது சாது என்ற குரல்களுக்கு, சுமனாவின் நல்ல மனதுக்கு, மாத்தளையின் பழமொழிக்கு, இத்தனை காலம் ஒரு சொல்லுக்காகக் கையேந்திய தன் கைக்கும்.

கடைசியில் தண்ணீர் வார்ப்பது. கிண்ணத்தைத் தட்டில் வைத்து, வீட்டார் எல்லாரும் ஒரு கெண்டியைச் சேர்ந்து பிடித்து, கிண்ணம் நிரம்பித் தட்டில் வழியும்வரை சரிப்பார்கள். அந்தத் தண்ணீரோடு தானத்தின் புண்ணியம் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும். “செத்துப்போனவங்களை மனசில நினைச்சுக்கொண்டு வாருங்க,” என்றார் பெரிய ஹாமுதுருவோ. பந்துல கெண்டியைப் பிடித்தான், சுமனா பிடித்தாள், தினித்தி ஒரு விரல் வைத்தாள், வேணி மற்றக் கையை வைத்தாள். அவன் கட்டைவிரல் அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது, தொட்டும் தொடாமலும். வழக்கமாக விலகும் கை இன்றைக்கு விலகவில்லை. பயம் எங்கே போயிற்று என்று அவள் தேடிப் பார்த்தாள். தண்ணீர் கிண்ணத்தில் ஏறியது. பொடிமெனிக்கே, நீ எனக்கு எண்ணெய் பூசினாய், உனக்கு இவர்கள் கொடுப்பார்கள், நிறையக் கொடுப்பார்கள். நான் வேறொருவருக்குக் கொடுக்கிறேன். செத்தவர்களுக்குத்தானே கொடுக்க வேண்டும். அவள் அந்தப் பெயரை மனதுக்குள் முழுதாக, தெளிவாக, வீட்டுப் பெயரோடு சேர்த்து, உதடு மட்டும் அசையச் சொன்னாள், தண்ணீர் விளிம்பு தாண்டித் தட்டில் வழிந்தது, எல்லாரும் சாது என்றார்கள், அவளும் சொன்னாள்.

பேழையைத் திரும்பப் பன்சாலைக்குக் கொண்டுபோக பந்துல தலையில் வெள்ளைத் துணியை மடித்து வைத்தான். பேழை ஏறியது, குடை விரிந்தது, மேளம் முன்னால் போனது. இரண்டு கையும் மேலே. வேணி அடுக்களைப் பக்கம் போய்க் கைப்பையை எடுத்தாள், மகளின் கையைப் பிடித்தாள். “எங்க நங்கி?” என்று சுமனா கேட்டாள், சோற்றுத் தட்டுகளோடு. “பன்சாலைக்கு. பூத்தட்டை மறந்திட்டுப் போயிட்டாங்க.” காலையில்தான் பொய் சொல்ல மாட்டேன் என்று சீலம் எடுத்திருந்தாள். பரவாயில்லை, அந்த வீட்டில் அன்றைக்குச் சொன்ன பொய்களில் அது சின்னப் பொய். தென்னந்தோட்டத்துக் குறுக்குவழியால் இருவரும் மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். குருணாகலில் இறங்கினால் மாத்தளைக்கு பஸ் இருக்கிறது. அம்மா கல்லானாலும் என்று தொடங்கினால் தொடங்கட்டும், சேலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வாள்.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பஸ் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துத் தொப்பியைக் கழற்றினார். பெரஹரா ஊர்வலம் வருகிறது, பன்சாலைக்குப் போகிற வழியே அதுதான். மேளம் நெருங்கியது, குடை நெருங்கியது. “அப்பச்சி,” என்று தினித்தி குடைக்குக் கீழே தகப்பனைக் காட்டினாள். பஸ்ஸில் எல்லாரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள், அவள் எழவில்லை. பந்துல கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தான். முதலில் அவளை, பிறகு மகளை, பிறகு மடியிலிருந்த பையை. பேழை ஒரு தரம் ஆடியது. பக்கத்தில் வந்தவர் “மெல்ல, மெல்ல” என்று தாங்கினார். அவன் கைகள் பேழையை இன்னும் இறுக்கிப் பிடித்தன, பிடிக்கத்தான் வேண்டும், கால்கள் நடந்தன. வேணி வீங்கிய கையை ஜன்னல் கம்பியில் எடுத்து வைத்தாள், அவன் கடந்து போகும்வரை.

“அம்மா,” என்றாள் தினித்தி. “தண்ணி வாத்தப்போ நீங்க ஆச்சியோட பேரைச் சொல்லல. வாய் அசைஞ்சதைப் பாத்தேன். யாருக்குக் குடுத்தீங்க?”

“உன் அப்பச்சிக்கு,” என்றாள் வேணி.

“அப்பச்சி சாகலையே.”

டிரைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார். வேணி தன் வெள்ளைச் சேலையின் மடிப்பை நீவிவிட்டாள்.

“எனக்கு,” என்றாள்.